பதினேழாவது பொருள்

கட்டுமாவடி
9.6.2025

தம்பி ஜெரால்டுக்கு அக்கா அடைக்கலமேரி எழுதுவது.

நான் உன்னோடு பேசவில்லை. இது எழுத்து. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் பேத்தி பிளெஸ்ஸியின் புதுநன்மை விருந்துப் பந்தலில், மாதா சுரூபத்துக்கு எதிரே நின்று, இனி உன்னிடம் வாயைத் திறந்து ஒரு சொல் பேசமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. சந்தேகத்துக்குப் பங்குச் சாமியாரிடமும் கேட்டேன். "எழுதலாம்மா, தப்பில்லை. பேசினாலும் தப்பில்லைதான்" என்றார். முதல் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிளெஸ்ஸியின் போனுக்கு ஒரு வீடியோவை அனுப்பி, 'அப்பத்தாவிடம் காட்டு, இந்த வித்தையை வாங்கலாமா என்று கேள்' என்று எழுதியிருந்தாயே, பார்த்தேன். கோட்டுப் போட்ட ஒருவன் ஒரு பெண்ணிடம் பரீட்சை அட்டை மாதிரி ஒன்றைக் கொடுத்து, மனதில் இருக்கிற பெயரை எழுதச் சொல்கிறான். அவள் எழுதி, தாளைக் கிழித்து, மடித்து, செருப்புக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். அவன் நெற்றியைத் தடவித் தடவிப் பெயரைச் சொல்லிவிடுகிறான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள்.

மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை அவன் முகத்தை. இரண்டாம் தடவை அவள் கையை. மூன்றாம் தடவை அட்டையை. மனதைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அவள் எதற்கு எழுதிக் காட்ட வேண்டும்? எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அவன் அட்டையில் எதற்கு? அவள் கைப்பையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்காதா? ஆகையால் வேலை செய்வது அவன் இல்லை, அட்டை. அதற்குள் இருக்கிற என்னவோ ஒன்று அவன் பாக்கெட்டில் இருக்கிற போனுக்குச் சொல்கிறது. சரியா, தப்பா?

இது உனக்கு எதற்கு என்று விவரமாக எழுது. விலையையும் எழுது. வீடியோவில் விலை சொல்லவில்லை. நாற்பது வருஷம் கருவாடு விற்றவள் நான். விலை சொல்லாத வியாபாரியின் முகத்தில் முழிக்க மாட்டேன்.

1983-ல் வித்தை காட்டுகிறேன் என்று உருமாலுக்குள் வைத்து நீ சுத்தியலால் அடித்த என் வீட்டுக்காரரின் கைக்கடிகாரம் இன்னும் முழுசாகத் திரும்பி வரவில்லை. அதையும் ஞாபகத்தில் வை.

அடைக்கலமேரி

*

புதுக்கோட்டை
16.6.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. தபால் ஆபீசில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன் ஒரு கடிதத்தை வாசலிலேயே நின்று பிரித்தது இதுதான் முதல் தடவை.

அட்டைதான். சரியாகச் சொல்லிவிட்டீர்கள். கடைக்காரர், "அம்பது மேடை பாத்துட்டோம் சார், ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கலை" என்றார். அதனால்தான் உங்களிடம் காட்டச் சொன்னேன். என் வித்தையில் எதுவும் உங்கள் கண்ணுக்குத் தப்பியதில்லை. விலை பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு.

எதற்கு என்று கேட்டீர்கள். போன வருஷம் திருவிழா மேடையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் முன்வரிசையில் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தீர்கள், ஆனால் காது இருந்தது. கூட்டத்தில் இருபது பேரிடம் வண்டி நம்பர் கேட்டு, வரிசையாகத் திருப்பிச் சொல்வது என் வழக்கம். ஐந்தாவதிலேயே எனக்கு எல்லாம் அழிந்துபோனது. வெறும் வெள்ளைச் சுவர் மாதிரி இருந்தது. வலைக்காரன் ராக்கன் எழுந்து, "மாமா, ஒங்க பேராச்சும் ஞாபகம் இருக்கா?" என்றான். ஊரே சிரித்தது.

இந்த வருஷம் விழாக் குழுத் தலைவர் செம்மல் சொல்லிவிட்டார். "புதுசா ஏதாச்சும் இருந்தா அரை மணி நேரம் தாரோம் மாமா. இல்லைன்னா பிள்ளைங்க டான்ஸைப் போட்டுருவோம்." ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி சாயங்கால மேடை முப்பத்தொரு வருஷமாக என்னுடையது அக்கா. ஒரு வருஷம் விட்டால் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். எனக்கு இனி நினைவு நிற்காது. அட்டைக்கு நிற்கும்.

வீட்டில் மணிமேகலை, "ஒங்க அக்கா வாங்கச் சொன்னா வாங்குங்க" என்றாள். ஆறு வருஷம் பேசாதவர்களிடமிருந்து பதில் வராது என்ற தைரியத்தில் சொன்னது. உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

வாங்கலாம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி ஜெரால்டு

*

கட்டுமாவடி
21.6.2025

ஜெரால்டுக்கு,

முன்பெல்லாம் என்னை நீ என்றுதான் சொல்வாய். இப்போது நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். பயமா, காரியமா?

அட்டை விஷயம். மீன் வாங்குகிறவள் செவுளைத் திறந்து பார்ப்பாள். நீ படத்தைப் பார்த்து வாங்கப் பார்க்கிறாய். நான் கேட்பதற்குப் பதில் எழுது. அது தமிழ் எழுத்தைப் படிக்குமா? திருவிழாக் கூட்டத்தில் யார் போனும் எடுக்காதே, அப்போது அது யாரிடம் போய்ச் சொல்லும்? கடற்காற்றில் நம் வீட்டு மிக்சியே இரண்டு வருஷம்தான் தாங்குகிறது, இது தாங்குமா? கையில் வாங்கி, நம் சனங்களிடம் ஒருதரம் செய்து பார்த்தாயா?

இதெல்லாம் சின்ன விஷயம். பெரியது வேறு. தாளில் எழுதச் சொல்லி நீ நெற்றியைத் தடவினால், இந்த ஊரில் எல்லோருக்கும் உப்புதான் ஞாபகம் வரும்.

நீ மறந்திருப்பாய். நான் சொல்கிறேன். 2019, மே பத்தொன்பது, ஞாயிறு. பந்தலில் ஒன்பது பேரிடம் சீட்டுக் கொடுத்து, "மனசுல இருக்கறத எழுதுங்க, யார் எழுதுனதுன்னு எனக்குக்கூடத் தெரியாது" என்றாய். முதல் சீட்டு, மகனுக்கு விசா வருமா. இரண்டாவது, மழை வேண்டும். மூன்றாவது வெறும் தாள். நான்காவது என்னுடையது. நான் எழுதியது 'குழம்பில் உப்பு கூட' என்று மூன்றே சொல். மனதில் அன்றைக்கு அதுதான் இருந்தது. சீட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி நீ வாசித்தது: "சம்பந்தியம்மா வச்ச கொழம்ப வாயில வைக்க முடியலை, கடலையே மோந்து ஊத்திட்டாங்க."

பந்தலே சிரித்தது. குழம்பு வைத்த பொற்கொடி கையில் கரண்டியோடு நின்றாள். என் மகனுக்குப் பெண் கொடுத்தவள் அவள். அவளைச் சம்பந்தியம்மா என்று கூப்பிடுகிறவள் அந்தப் பந்தலில் நான் ஒருத்திதான். கரண்டியை வைத்துவிட்டு மணமேல்குடிக்கு வேன் ஏறினவள், இன்றுவரை என் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை.

அது என் சீட்டு என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? இதற்குப் பதில் எழுது. அட்டை அப்புறம்.

அடைக்கலமேரி

*

புதுக்கோட்டை
28.6.2025

அன்புள்ள அக்கா,

தெரியாது. உண்மையாகவே தெரியாது. சீட்டிலேயே சம்பந்தியம்மா என்று எழுதியிருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். அதை விடுங்கள்.

நீங்கள் சொன்னபடி அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டேன். அறந்தாங்கியில் என்னைப் போல மேஜிக் செய்கிற ரகுநாத் ஒன்று வைத்திருக்கிறார், ஒரு நாளுக்குக் கொடுத்தார். தமிழ் பிரச்சினை இல்லை. எழுதுவது அப்படியே படமாகப் போனில் வந்துவிடுகிறது. ஆவுடையார்கோவிலில் என் பழைய சிநேகிதர் ஆத்மநாதனுக்கு எழுபதாவது பிறந்தநாள் விருந்து. அங்கே செய்து பார்த்தேன். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் ஆத்மநாதனையே அழைத்தேன். அட்டையோடு வருகிற பேனாவால் எழுதினால்தான் போனில் தெரியும். அவர் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அந்தப் பேனாவை ஓரமாக வைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்தார். "நான் அடுத்தவன் பேனாவுல எழுதுனதே இல்லை சார்." என் போன் காலியாக இருந்தது. பன்னிரண்டு நிமிஷம் நெற்றியைத் தடவினேன். கடைசியில் தலைவலி என்று சொல்லி உட்கார்ந்தேன். அவர் மனைவி தைலம் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டாவதாக அவருடைய பக்கத்து வீட்டு அழகி என்ற அம்மாள். உங்களுக்கு ரொம்பப் பிரியமானவர் பெயரை எழுதுங்கள் என்றேன். அட்டைப் பேனாவாலேயே எழுதினார். போனில் முதல் எழுத்து வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "உ... 'உ' என்று ஓர் எழுத்து தெரிகிறது" என்றேன். "அது பிள்ளையார் சுழி சார், இன்னும் நான் பேர ஆரம்பிக்கவே இல்லை" என்றார்.

ஆனால் அதற்கப்புறம் அட்டை சரியாக வேலை செய்தது. பெயர் தெளிவாக வந்தது. "செவலை" என்றேன். விருந்தே கைதட்டியது. அழகி அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. செவலை அவர் வீட்டுப் பசு. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த கண்ணுசாமி அவர் கணவர். பாயசத்தைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

பழகினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். ஜூலை பத்துக்குள் சொன்னால் கடைக்காரர் இரண்டாயிரம் குறைப்பாராம்.

தம்பி ஜெரால்டு

*

கட்டுமாவடி
3.7.2025

ஜெரால்டுக்கு,

பிள்ளையார் சுழி வரைக்கும் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பிளெஸ்ஸி பயந்துபோய் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். நம் கோயிலில் எழுதச் சொல்லியிருந்தால் எல்லோரும் தாளின் தலைப்பில் சின்னதாகச் சிலுவை போட்டிருப்பார்கள். நீ கூட்டல் கணக்கு தெரிகிறது என்று சொல்லியிருப்பாய்.

வாங்காதே. அது வேலை செய்யாது என்பதற்காகச் சொல்லவில்லை. ஆத்மநாதனிடம் வேலை செய்யவில்லை, யாருக்கும் சேதம் இல்லை, தைலம் கிடைத்தது. அழகியிடம் வேலை செய்தது, ஒரு மனுஷன் பாயசம் குடிக்காமல் போனான். நீ ஜெயித்த இடத்தில்தான் சேதம். முதலில் பொற்கொடி, இப்போது கண்ணுசாமி. பத்தொன்பதாயிரம் கொடுத்து இன்னும் எத்தனை பேரை எழுப்பி அனுப்பப் போகிறாய்?

அடுத்தது. தெரியாது என்று எழுதியிருக்கிறாய். முப்பத்து நாலு வருஷம் தபால் பிரித்தவன் நீ. முகவரி அழிந்த கவரைக்கூட, எழுத்தை வைத்தே இது இன்னார் வீட்டுக் கடிதம் என்று சொல்வாய் என்று உன் போஸ்ட்மாஸ்டரே என்னிடம் பெருமை பேசினார். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. என் 'ழ' இன்னமும் காலை நீட்டி உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். குழம்பு என்ற சொல்லில் அந்த எழுத்து இருக்கிறது. நான் உனக்கு அக்கா. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

செம்மல் திருவிழா வரிக்கு வந்திருந்தான். "மாமா பேரப் போடவா வேண்டாமா ஆத்தா? பன்னெண்டாம் தேதி நோட்டீசு அச்சுக்குப் போகுது" என்றான். போன வருஷ நோட்டீசில் உபயம் கொடுத்த நூற்றுப் பன்னிரண்டு பேரையும் வரிசையாக அவனிடம் சொன்னேன். அறுபத்து மூன்றாவது அவன் அப்பா பெயர். எண்பதாவதும் அவன் அப்பா பெயர். "ரெண்டு தடவ எப்புடி வந்துச்சு?" என்று கேட்டேன். "ஆத்தா, போதும்" என்று மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது.

உனக்கு நினைவு நிற்கவில்லை. எனக்கு எதுவும் போகமாட்டேன் என்கிறது. மேடையில் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன். கூட்டம் நாற்பது பொருள் பெயர் சொல்லட்டும். நீ எனக்குப் பின்னால் கரும்பலகையில் எழுதிக்கொள். முன்னாலிருந்து சொல்கிறேன், பின்னாலிருந்தும் சொல்கிறேன். பிளெஸ்ஸியை வைத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் தப்பவில்லை.

ஆனால் பொய் சொல்கிறவனோடு மேடை ஏறமாட்டேன். நான் கேட்ட கேள்விக்கு மறுபடியும் பதில் எழுது. அச்சுக்குப் போகுமுன் எழுது.

அடைக்கலமேரி

*

புதுக்கோட்டை
8.7.2025

அக்கா,

தெரியும்.

சீட்டைப் பிரிக்காமலே தெரியும். தாளுக்குப் பின்பக்கம் மை தெரிந்தது, உன் 'ழ' காலை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மூன்று சீட்டு வாசித்து முடித்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசை பந்திக்கு எழுந்துகொண்டிருந்தது. உன் மூன்று சொல்லை அப்படியே வாசித்தால் எடுபடாது என்று தோன்றியது. சம்பந்தியம்மாவை நான்தான் சேர்த்தேன். கடலையும் நான்தான் சேர்த்தேன். எழுந்தவர்கள் எல்லோரும் திரும்பி உட்கார்ந்தார்கள். என் வாழ்நாளில் அப்படி ஒரு சிரிப்பை நான் வாங்கியதே இல்லை அக்கா. பொற்கொடி அம்மாள் கரண்டியை வைத்ததையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஐந்தாவது சீட்டைப் பிரித்தேன்.

அதற்கப்புறம் ஆறு வருஷமாகத் தெரியாது என்றே சொல்லிச் சொல்லி, எனக்கே தெரியாது என்று ஆகிவிட்டது.

கடிகாரமும் அன்றைக்கே உடைந்துவிட்டது. மச்சான் கேட்டபோதெல்லாம் வித்தை இன்னும் முடியவில்லை என்று சொல்லிவந்தேன். பாகங்கள் ஒரு பவுடர் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன.

அட்டை வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். மணிமேகலை உனக்குச் சேலை எடுக்கப் போயிருக்கிறாள். நீ மேடைக்கு வராவிட்டாலும் இதை எழுதியிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். அது பொய்யாகிவிடும்.

ஜெரால்டு

*

கட்டுமாவடி
11.7.2025

ஜெரால்டுக்கு,

படித்தேன். மன்னித்தேன் என்று நான் எழுதவில்லை, அப்படி யாரிடமும் சொல்லாதே.

செம்மலிடம் பேர் கொடுத்துவிட்டேன். 'ஜெரால்டு குழுவினர்' என்று எழுதியிருந்தான். அடித்துவிட்டு 'அடைக்கலமேரி, உதவி ஜெரால்டு' என்று போடச் சொன்னேன்.

சத்தியம் சத்தியம்தான். மேடையில் நீ என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது, கூட்டத்தைக் கேள். நான் கூட்டத்துக்குப் பதில் சொல்வேன். கண்ணைக் கட்ட உன் உருமால் வேண்டாம், அதன் யோக்கியதை எனக்குத் தெரியும். என் துண்டைக் கொண்டுவருகிறேன். நீ வாங்க வேண்டியது ஒரு டப்பா சாக்பீஸ். பொற்கொடியும் வருவாள். வருஷா வருஷம் வந்து, என்னைப் பார்க்காத பக்கமாக உட்காருவாள். அவளைப் பார்த்ததும் நீ உளறாமல் இரு.

அடைக்கலமேரி

*

புதுக்கோட்டை
16.8.2025

அன்புள்ள அக்கா,

கொடி இறங்கிய கையோடு நீ யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாய். அதனால் எழுதுகிறேன்.

அடுத்த வருஷத்துக்கும் செம்மல் இப்போதே சொல்லிவிட்டார், ஒரு மணி நேரம். ரகுநாத் அறந்தாங்கியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "இந்த அம்மா காதுக்குள்ள என்ன மிஷின் வச்சிருக்கீங்க, எங்க வாங்குனீங்க?" என்று கேட்கிறார். வாங்கவில்லை என்றால் நம்பமாட்டேன் என்கிறார்.

நான் கேட்க வேண்டியது வேறு. பதினாறாவது பொருளாக ராக்கன் நங்கூரம் என்றான். எழுதிவிட்டுத் திரும்பினேன். பெண்கள் பக்கத்தில் பொற்கொடி அம்மாள் எழுந்து நின்றார். உன் கண் கட்டியிருந்தது, ஆனால் குரல் தெரிந்திருக்கும். "உப்பு" என்றார். சத்தமாகச் சொன்னார். ஊர் முழுக்க என்னைத்தான் பார்த்தது. சாக்பீஸ் என் கையில் இரண்டாக உடைந்தது. 17. உப்பு என்று எழுதினேன்.

நீ சொல்ல ஆரம்பித்து, ஒவ்வொன்றாக நங்கூரம் வரைக்கும் மூச்சு விடாமல் வந்தாய். பதினேழில் நின்றுவிட்டாய். நான் பத்து எண்ணினேன். "ஆத்தாவுக்கும் போச்சா" என்று ராக்கன் முணுமுணுத்தது மேடைக்கே கேட்டது. நீ கண்கட்டோடு, நான் நிற்கிற பக்கமாகச் சரியாகத் தலையைத் திருப்பி, "நீயே சொல்லுடா" என்றாய்.

ஆறு வருஷம் மூன்று மாதம் கழித்து உன் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பேச்சு. கரும்பலகையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, ஆனாலும் நான் அதைப் பார்த்துப் படிக்கவில்லை. பொற்கொடி அம்மாளைப் பார்த்துத்தான் சொன்னேன். "உப்பு. அன்னைக்கு அதுல இம்புட்டுத்தான் எழுதியிருந்துச்சு. மிச்சமெல்லாம் நான் சேத்தது." யாரும் சிரிக்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். பிறகு நீ பதினெட்டிலிருந்து நாற்பது வரை போய், நாற்பதிலிருந்து ஒன்றுக்குத் திரும்பி வந்தாய். திரும்பி வரும்போது உப்பில் நீ நிற்கவே இல்லை.

அக்கா, முதல் தடவை நிஜமாகவே மறந்துவிட்டதா?

ஜெரால்டு

*

கட்டுமாவடி
25.8.2025

ஜெரால்டுக்கு,

மறந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்விக்கே இன்னொரு ஆறு வருஷம் போடலாம்.

ஊர் முன்னால் அந்த உப்பை முதலில் எடுத்தவன் நீ. நான் சொல்லியிருந்தால் பொற்கொடியை இரண்டாம் தடவை குத்தினதாக ஆகியிருக்கும். அதனால் உன்னிடம் கொடுத்தேன். நீ மேலே இரண்டு வரி பேசுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ராக்கனிடம் மட்டும், எனக்கு ஞாபகம் போகவில்லை என்று சொல்லிவை. நேற்று அவன் பெண்டாட்டி எனக்கு வல்லாரைக் கீரை கொண்டுவந்து கொடுத்தாள்.

சத்தியம் முறிந்துபோனதால் சாமியாரிடம் போனேன். இரண்டு சொல்தான் பேசினேன், அதற்குத் தக்கபடி சின்னதாக ஏதாவது பரிகாரம் கொடுங்கள் என்றேன். இரண்டு கொடுத்தார். தம்பி போன் செய்தால் எடுக்க வேண்டும். சம்பந்தி வீட்டில் ஒரு வேளை சாப்பிட வேண்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பிளெஸ்ஸியோடு மணமேல்குடிக்கு பஸ் ஏறிப் போனேன். பொற்கொடி பாறைமீன் குழம்பு வைத்திருந்தாள். கையில் கரண்டியோடு எனக்கு எதிரே நின்றுகொண்டு நான் முதல் உருண்டையை விழுங்குகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

"எப்புடி இருக்கு சம்பந்தியம்மா?"

"நல்லா இருக்கு. இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க."

ஊற்றினாள். சாப்பிட்டேன். வரும்போது ஒரு தூக்கில் கொடுத்தும் அனுப்பினாள்.

பவுடர் டப்பாவை அடுத்த தடவை வரும்போது கொண்டுவா. புதன்கிழமை காலையில் போன் செய், எடுக்கிறேன். ஆனால் இந்த ஒன்றை மட்டும் போனில் சொல்ல முடியாது, பிளெஸ்ஸி பக்கத்திலேயே இருப்பாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தம்பி, குழம்பில் உப்பு கூட. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அக்கா
அடைக்கலமேரி